மனைவிக்குக் கல்லூரி பார்க்க ஜொகூருக்குப் போனோம்

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று, மகனுக்குப் பெண் பார்த்தாயிற்று, இனி ஈசிச்சேரில் காலை நீட்டலாம் என்றிருந்தேன். நாற்பத்தெட்டு வயது மனைவிக்குக் கல்லூரி பார்க்கக் கடல் தாண்டுவேன் என்று எந்த ஜோசியனும் எனக்குச் சொல்லவில்லை.

நான் கோவில்பட்டியில் பெயின்ட் கடை வைத்திருப்பவன். மனைவி மங்கையர்க்கரசி ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அங்கே பிரின்சிபல் நாற்காலி இரண்டு முறை காலியானது. இரண்டு முறையும் தாளாளரின் சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இப்போது அதே நிர்வாகம் இன்னொரு பள்ளி கட்டுகிறது. "கல்வி நிர்வாகத்துல முதுகலைப் பட்டம் வச்சிருக்கிறவங்களுக்குத்தான் இந்தத் தடவை பதவி" என்று ஆண்டுவிழா மேடையிலேயே தாளாளர் சொல்லிவிட்டார். சொன்னவர் மறந்திருப்பார், மங்கை மறக்கவில்லை. தபால்வழியில் படியேன் என்றேன். "தபால்ல பட்டம் வரும், படிப்பு வராது" என்றாள். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்தில் மாசாய் என்ற ஊரில் அவளுடைய சின்னத் தாத்தாவின் பேத்தி தேவி இருக்கிறாள். ஒரு வருடப் படிப்பு, தங்க வீடு இருக்கிறது, கிளம்ப வேண்டியதுதான் என்று முடிவாகிவிட்டது. கல்லூரியைக் கண்ணால் பார்க்காமல் சேரக்கூடாது என்று நான் ஒரு கட்டளை போட்டேன். போட்ட குற்றத்துக்காக என்னையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

தேவியின் வீடு, தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று. முதல் நாள் விடிவதற்கு முன்பே தெரு முழுக்க மோட்டார் சைக்கிள் சத்தம். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று வாசலுக்கு ஓடினேன். தேவியின் வீட்டுக்காரர் மணியம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "ஒண்ணும் இல்லண்ணே, எல்லாரும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறோம். நீங்க போய்ப் படுங்க" என்றார். தினமும் ஒரு நாடு தாண்டி வேலைக்குப் போய், தினமும் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடும் மனிதர்களை அன்றுதான் பார்த்தேன். கோவில்பட்டியிலிருந்து சாத்தூருக்கு மாற்றல் வந்தாலே சிபாரிசு தேடி அலைகிற நம்மவர்களை நினைத்துக்கொண்டேன்.

தேவிக்கு அன்று ஃபேக்டரியில் லீவு இல்லை. "அத்தான், முக்குக் கடையில பசியாறிட்டு பஸ் ஏறிடுங்க லா, ஈஸிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பசியாறுவது என்றால் இங்கே காலைச் சாப்பாடு. எவ்வளவு அழகான சொல்! நாம் டிபன் டிபன் என்று சொல்லி நாக்கைக் கெடுத்துக்கொண்டோம். கடையில் ரொட்டி சானாய் வந்தது. நம் பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது. கூடவே பருப்புக் குழம்பும், ஆற்றி ஆற்றி நுரை கட்டிய தே தாரிக் என்ற தேநீரும். இன்னொரு ரொட்டி சொன்னபோது மங்கை என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

பேருந்தில்தான் வம்பு. ரூபாய் நோட்டு மாதிரி ரிங்கிட் நோட்டை நீட்டினால் ஓட்டுநர் தலையை ஆட்டுகிறார். காசு வாங்கமாட்டாராம், கார்டைத்தான் தட்ட வேண்டுமாம். நான் ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழில் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற ஒரு மலாய் அம்மாள், தலையில் முக்காடு, கையில் கறிகாய்ப் பை, எட்டித் தன் கார்டை எங்கள் இருவருக்குமாகத் தட்டிவிட்டார். பணம் நீட்டினேன். நெஞ்சில் கைவைத்துச் சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். நம் ஊரில் சில்லறை இல்லையென்றால் கண்டக்டர் நம் பரம்பரையையே விசாரிப்பார். அன்றைக்கு ஜொகூர்மீது எனக்கு வந்த மரியாதை அப்புறம் இறங்கவே இல்லை.

முதல் கல்லூரி ஒரு பெரிய வணிக வளாகத்துக்குள் இருந்தது. செருப்புக்கடை, நூடுல்ஸ் கடை, மேலே கல்லூரி. சுவரைத் தொட்டுப் பார்ப்பது என் தொழில் வியாதி. எல்லாம் கண்ணாடி, எனக்கு வேலையில்லை. டை கட்டிய இளைஞர் ஒருவர் எங்களை உட்காரவைத்து, மங்கையைப் பார்த்து, "ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் சொன்னேன். எத்தனை வருடம் பாடம் எடுத்திருக்கிறீர்கள் என்றார். அதையும் நான்தான் சொன்னேன். இருபத்தெட்டு வருடமாக பாங்க், ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் எங்கே போனாலும் அவளிடம் கேட்கிற கேள்விக்கு நான் பதில் சொல்லித்தான் பழக்கம். அதில் தப்பிருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

கடைசியில் மங்கை ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இங்க படிச்சவங்க இப்ப எந்தப் பள்ளியை நடத்துறாங்க? ஒருத்தரைப் பார்க்க முடியுமா?" இளைஞர் உள்ளே போய் விசாரித்துவிட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலும் கல்லூரிப் பெயர் போட்ட தொப்பியும் கொண்டுவந்து கொடுத்தார். "தொப்பி உங்களுக்கு நல்லாருக்கும், வச்சுக்கோங்க" என்று அந்த இளைஞரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மங்கை எழுந்துவிட்டாள். ஏனோ எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கீழே வந்து ஒரு பெரிய கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டேன்.

மறுநாள் தேவி லீவு போட்டுவிட்டுக் காடியை எடுத்தாள். காடி என்றால் கார். அடுத்த கல்லூரி குளுவாங்கில். போகும் வழியெல்லாம் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டம். பார்த்துப் பார்த்து நமக்கே பச்சை பிடித்துவிடும்போல இருந்தது. முன்னால் போன லாரியிலிருந்து பழக்குலை ஒன்று உருண்டு ரோட்டில் விழ, தேவி "அலமாக்!" என்று அலறி பிரேக் போட்டாள். நம் ஊரானால் பின்னால் வந்த வண்டிகள் ஹார்னிலேயே எங்களைக் கொன்றிருக்கும். இங்கே ஒருவரும் சத்தம் போடவில்லை. லாரிக்காரர் இறங்கிவந்து கும்பிட்டு, குலையைத் தூக்கிக்கொண்டு போனார்.

இரண்டாவது கல்லூரியைப் பார்த்ததும் எனக்கே அங்கே படிக்கலாம்போல இருந்தது. மரம், நிழல், புல்வெளி, வெளிச்சுவரில் பாசி பிடிக்காத நல்ல பூச்சு. வருஷம் பூராவும் மழை பெய்கிற ஊரில் அது சாதாரணம் இல்லை. வரவேற்பில் இருந்த மலாய்ப் பெண்மணி மங்கையின் சான்றிதழ்களையெல்லாம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு தேவியிடம் மலாய் மொழியில் நிறையப் பேசினார். தேவி எங்களுக்குச் சொன்னாள்: "அக்கா, இங்க பாடம் பாதிக்கு மேல மலாய்லதான் நடக்குமாம். உங்கள சேர்த்துக்கிட்டா காலேஜுக்கு வருமானந்தான், ஆனா உங்களுக்குக் கஷ்டம்னு சொல்றாங்க. செடெனாக் பக்கம் ஒரு காலேஜ் இருக்காம், அங்க இங்கிலீஷ். அங்க டாக்டர் கிரேஸுனு ஒரு தமிழம்மா இருக்காங்களாம். போன் போட்டுத் தரட்டானு கேக்குறாங்க லா."

போட்டும் கொடுத்தார். வந்த வாடிக்கையை எதிர்க்கடைக்கு அனுப்புகிற மனசு யாருக்கு வரும்? முப்பது வருடம் கடை நடத்தி நான் ஒருத்தரையும் அனுப்பியதில்லை.

மூன்றாம் நாளும் லீவு போட்ட தேவியோடு டாக்டர் கிரேஸைப் பார்க்கக் கிளம்பும்போது நான் தயாராக இருந்தேன். ஒரு பெரிய மனுஷியைப் பார்க்க வெறுங்கையோடா போவது? எதற்கும் இருக்கட்டும் என்று கோவில்பட்டியிலிருந்தே ஜரிகை போட்ட பொன்னாடை ஒன்று கொண்டுவந்திருந்தேன். மாசாய் கடைத்தெருவில் தாம்பாளம் வாங்கி, ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை, நடுவில் எங்கள் ஊர்க் கடலைமிட்டாய் என்று அடுக்கி, பளபளவென்ற காகிதம் சுற்றிவிட்டேன். "இதெல்லாம் எதுக்குங்க?" என்றாள் மங்கை. "ஆபீஸ் விவகாரம் உனக்குத் தெரியாது, சும்மா வா" என்றேன்.

கிரேஸுக்கு மங்கையின் வயதுதான் இருக்கும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவராம். சாதாரணப் பருத்திச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை. கேன்டீனுக்குக் கூட்டிப்போய் எங்களுக்குத் தேநீர் வாங்கித் தந்தார். பக்கத்து மேஜையில் சாப்பிட்டவர்கள் எழுந்து தங்கள் தட்டைத் தாங்களே எடுத்துக்கொண்டு போய் வைத்தார்கள். "அவங்கள்ல பாதிப் பேரு ஹெட்மாஸ்டருங்க. லீவு போட்டுட்டுப் படிக்க வந்திருக்காங்க" என்றார் கிரேஸ். நம் ஊரில் ஹெட்மாஸ்டர் குடித்த டம்ளரை நகர்த்தக்கூட ஒரு ஆள் வர வேண்டும்.

மங்கை பாடத்திட்டத்தைப் பற்றிக் கேட்டாள். கிரேஸ் சொன்னது இது: "முதல் வாரம் புத்தகமே கிடையாது அக்கா. ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகணும். யாருன்னு சொல்லக்கூடாது. ஆபீஸுக்கு வெளிய பெற்றோர் உக்காருற பெஞ்சில உக்காரணும். உங்கள யாரு நிமிந்து பாக்குறாங்க, யாரு பாக்கல, பக்கத்துல உக்காந்திருக்கிற அம்மா என்ன முணுமுணுக்கிறாங்க, அதெல்லாம் கேட்டுட்டு வரணும். பள்ளிக்கூடத்த நடத்தணும்னா மொதல்ல அந்த பெஞ்சு தெரியணும் லா."

மங்கையின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். கல்யாணத்துக்கு அவளைப் பெண் பார்க்கப் போன அன்றுகூட அவள் முகத்தில் இவ்வளவு வெளிச்சம் இல்லை. இதுதான் கல்லூரி, இதைவிட்டு நகரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கிரேஸும் திருப்தியாகத்தான் இருந்தார். "நாளைக்கே நேர்காணல் வச்சிரலாம். ஒரே ஒரு இடந்தான் பாக்கி இருக்கு" என்றார்.

நல்ல சமயம் என்று நான் எழுந்தேன். தாம்பாளத்தை மேஜையில் வைத்துவிட்டுப் பொன்னாடையைப் பிரித்து, கிரேஸ் என்னவென்று கேட்பதற்குள் அவர் தோளில் போர்த்திவிட்டேன். "அம்மா பார்த்துச் செய்யணும்" என்றும் சொல்லிவைத்தேன். கேன்டீன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தேவி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

கிரேஸ் கோபப்படவில்லை. பொன்னாடையை மெதுவாக எடுத்து, மடித்து, தாம்பாளத்தின்மேல் வைத்து என் பக்கம் நகர்த்தினார். "அண்ணே, நீங்க நல்ல மனசோட செஞ்சீங்க, தெரியுது. ஆனா இத நான் எடுத்துக்கிட்டா எனக்கு வேல போயிரும். எடுத்துக்கலன்னாலும் நாளைக்கு நேர்காணல்ல இருக்கிறவங்ககிட்ட நான் சொல்லியாகணும், அதான் இங்க சட்டம். அப்புறம் அக்காவ நேர்காணல் பண்ணலாமா வேணாமான்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எங்கப்பா தோட்டத்துல ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் மண்டோருக்குக் கோழி கொண்டுபோய்க் குடுப்பாரு. குடுத்தாதான் மறுவாரம் நல்ல மரமுள்ள நிரையில வேல கிடைக்கும். அந்தக் கோழிய நான்தான் புடிச்சுட்டுப் போவேன். அதனால எனக்கு இது ஆகாது அண்ணே."

மண்டோர் என்றால் தோட்டத்தில் வேலை பிரித்துக்கொடுக்கிற கங்காணி. எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி நான்தான். திரும்பிவரும் வழியில் மங்கை திட்டியிருந்தால் தேவலை. ஜன்னல் வழியாகச் செம்பனையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் மணியம் என்னைத் தெருச்சந்தைக்குக் கூட்டிப்போனார். வாரத்தில் ஒருநாள் தெருவை அடைத்துக் கடை போடுகிறார்கள். சாத்தே என்று குச்சியில் குத்திய இறைச்சி சுடுகிற புகை, கடலைப்பொடி தூவிய அப்பம், கரும்புச்சாறு. வேறு நாளாயிருந்தால் ஒரு கடை விட்டிருக்கமாட்டேன். நடந்ததைச் சொன்னேன். "அலமாக், பொன்னாடையா! கோயில் தலைவருக்குத்தானண்ணே அதெல்லாம் போடுவாங்க" என்று மணியம் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்காவுக்குக் கிடைக்கும்ணே. கவலைப்படாதீங்க" என்றார்.

"கிடைக்காட்டியும் பரவாயில்லை சகல" என்று என் வாயில் வந்துவிட்டது.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. முதல் கல்லூரி சரியில்லை என்றதும் எனக்கு நூடுல்ஸ் ருசித்தது ஏன்? இரண்டாவது கல்லூரியில் மலாய்மொழி என்றதும் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது ஏன்? பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். ஒரு வருடம் அந்த வீட்டில் நான் மட்டும். காலையில் கடை திறக்கும்போது யாரிடம் சொல்லிக்கொண்டு போவேன்? ராத்திரி வந்து, இன்றைக்கு ஒரு ஆள் இளநீல பெயின்டைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போட்டான் என்று யாரிடம் சொல்வேன்? அவள் ஆசைப்பட்டது அவளுக்குக் கிடைக்க வேண்டும். அது உண்மை. கிடைத்தால் நான் தொலைந்தேன், அதுவும் உண்மை. சாத்தே குச்சி கையிலேயே ஆறிப்போயிற்று.

மறுநாள் காலையில் நேர்காணல் உண்டு என்று கிரேஸ் போன் செய்தார். எனக்கு வந்த பெருமூச்சில் தேவி வைத்த கோப்பியே ஆறியிருக்கும். "நேத்து நடந்ததையும் பேசுவாங்க. அண்ணனும் உள்ள வரட்டும். ஆனா பதில் அக்காதான் சொல்லணும்" என்றாராம்.

அறையில் மூன்று பேர். நரைத்த தாடி வைத்த மலாய்ப் பேராசிரியர் நடுவில் இருந்தார். ஒரு பக்கம் சீன விரிவுரையாளர் அம்மாள், மறுபக்கம் கிரேஸ். நான் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். பேச்செல்லாம் ஆங்கிலம். மங்கையின் ஆங்கிலம் கணக்கு டீச்சர் ஆங்கிலம், படிப்படியாகத்தான் வரும். நான் தமிழில் எழுதுகிறேன்.

பாடம், அனுபவம், ஊர் என்று கேட்டு முடித்ததும் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நீங்கள் ஒரு பள்ளியின் தலைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு இடம் கேட்டு ஒருவர் சால்வையும் பழமும் கொண்டுவருகிறார். என்ன செய்வீர்கள்?"

என் காது சுட்டது. மங்கை என் பக்கம் திரும்பவே இல்லை.

"வாங்கமாட்டேன்" என்றாள். "ஆனால் திருப்பிக் கொடுத்ததோடு நிறுத்தவும்மாட்டேன். அவரை உட்காரவைத்து, யார் உங்களுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பேன். வெறுங்கையோடு போனால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று எங்கேயோ ஒரு ஆபீஸ் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கும். அது என் ஆபீஸாக இருந்தால் தப்பு அவருடையது இல்லை, என்னுடையது. முதலில் என் வாசலைச் சரிபண்ணுவேன்."

சீன அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "நேற்று சால்வை கொண்டுவந்தவருக்கும் அந்தப் பயம்தானா?"

மங்கை இப்போது சிரித்தாள். மூன்று நாளில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

"அவருக்கு இரண்டு பயம் மேடம். எனக்கு இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று ஒன்று. கிடைத்துவிடுமோ என்று ஒன்று."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் மணியத்திடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. இவளுக்கு யார் சொன்னார்கள்? யார் சொல்ல வேண்டும்? இருபத்தெட்டு வருடமாகக் கூடவே இருப்பவள்.

பேராசிரியர் என்னைப் பார்த்தார். "உண்மையா சார்?" என்றார்.

மூன்று நாளாக அவளுக்கு வந்த கேள்விக்கெல்லாம் முந்திக்கொண்டு பதில் சொன்னவன், என்னைக் கேட்ட கேள்விக்கு வாய் வராமல் உட்கார்ந்திருந்தேன். மங்கை எனக்காகப் பேசவில்லை. நான் சொல்லட்டும் என்று சும்மா இருந்தாள்.

"யெஸ் சார்" என்றேன்.

"இப்போது எது பெரிய பயம்?"

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வாசல் பேச்சைக் கேட்ட பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? "முதல் பயம் சார்" என்றேன். "ரொம்பப் பெரிசாக இருக்கிறது."

எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். நானும் மங்கையும் தாழ்வாரத்தில் நின்றோம். மழை பிடித்துக்கொண்டது. கதவு திறந்து கிரேஸ் வெளியே வந்தார். மங்கையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஜூலையில வந்துருங்க" என்றார்.

காடியில் காத்திருந்த தேவிக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். அவள் "அத்தான், என்னாச்சு? அத்தான்?" என்கிறாள், எனக்கு ஒரு சொல் வெளியே வரமாட்டேன் என்கிறது. மங்கை என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"தேவி, கிடைச்சிருச்சு. அத்தான் நல்லாத்தான் இருக்காரு, அழுதுக்கிட்டிருக்காரு. அவரு சொல்ல வந்ததத்தான் நான் சொல்றேன்."